ஊஞ்சலில் விழுந்த பிள்ளைக்கு ஒரு கொட்டான்

முழுப் பரீட்சை லீவுக்கு ஆச்சியின் பிள்ளைகள் இருவரும் கோட்டையூருக்கு வந்திருந்தார்கள். (எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) பெரியவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அவர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கோடோ 4-ல் (கணினி ஆட்டம் செய்யும் மென்பொருள்) ஒரு சின்ன ஆட்டம் செய்து வைத்திருந்தேன். மாரியோ மாதிரி ஓடித் தாவிப் போகிற ஆட்டம்தான், ஆனால் ஓடுகிற இடம் எங்கள் வீடு. முகப்பு, திண்ணை, வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படி, அப்புறம் பின்வாசல். ஒரு தெருவில் நுழைந்து நேரே நடந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பக்கவாட்டில் நகரும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் எனக்குத் தெரியவில்லை.

தரைக்கு எங்கள் வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லையே படம் எடுத்து, 16-க்கு 16 புள்ளிகளாகச் சுருக்கினேன். நிஜக் கல்லில் இருக்கிற கொடியும் சுழியும் அந்த அளவில் கரைந்துபோகும். நடுவில் நான்கு இதழ், ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான் நின்றது. ஆனாலும் திரையைப் பார்த்த உடனே, "அம்மான், இது நம்ம வளவுதானே?" என்று பெரியவள் கேட்டுவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஊஞ்சல் வரும்வரை எல்லாம் நன்றாகப் போனது. முற்றம் நிறைய மழைத்தண்ணீர், அதன் குறுக்கே ஒரு ஊஞ்சல். (நிஜ வீட்டில் ஊஞ்சல் வளவின் ஓரத்தில் தொங்குகிறது, ஆட்டத்துக்காக நகர்த்தினேன்.) பலகை நம் பக்கம் வரும்போது ஏறி, அந்தப் பக்கம் போனதும் இறங்க வேண்டும். விழுந்தால் மறுபடி முகப்பிலிருந்து தொடங்க வேண்டும். அவள் விழுந்தாள். மறுபடி விழுந்தாள். ஆறாவது தடவை கேம்பேடை என் மடியில் வைத்துவிட்டு, "நீங்க ஆடுங்க அம்மான், நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அன்று இரவே துணைக்கு ஒரு ஆளைச் செய்ய உட்கார்ந்தேன்.

முதலில் செய்தது

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நிண்டெண்டோ 2009-ல் ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ’ ஆட்டத்தில் கொண்டுவந்த சூப்பர் கைடு. ஒரு லெவலில் 8 உயிர் போனால், தொடக்கத்தில் ஒரு பச்சைக் கட்டி தோன்றும். அதை முட்டினால் மாரியோவின் தம்பி லூயிஜி வந்து லெவலைத் தானே ஆடிக் காட்டுவான். நடுவில் பிளஸ் பட்டனை அழுத்தினால் அவனை நாமே ஓட்டலாம். அவன் கொடிக்கம்பம் வரை போய்ச் சேர்ந்துவிட்டால், இந்த லெவலைத் தாண்டிப் போவதா, திரும்ப ஆடுவதா என்று ஆட்டம் கேட்கும். அவன் வழியை மட்டும்தான் காட்டுவான். நட்சத்திரக் காசுகளைத் தேடிப் போக மாட்டான். அடுத்த ஆண்டு வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்’ ஆட்டத்திலும் 8 உயிர் கணக்குதான். அங்கே வெள்ளி நிற உரோமத்தோடு ஒரு காங் வந்து ஆடிக் காட்டும்.

இதைச் செய்வது கடினமில்லை என்று நினைத்தேன். நான் ஒரு தடவை முழுதாக ஆடி, ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரை ஒரு தடவை மாறும் நொடித்துணுக்கு) ஆள் நிற்கும் இடத்தை ஒரு பட்டியலில் சேர்த்தேன். கோடோவில் பிசிக்ஸ் கணக்கு வழக்கமாக நொடிக்கு 60 தடவை ஓடும். நான் 38 நொடியில் முடித்தேன், ஆகவே 2,280 இடங்கள். துணை ஆளை அந்த இடங்களில் வரிசையாக நிறுத்திக்கொண்டே போனால், அவன் ஆடுவதுபோலத் தெரியும்.

முதல் சிக்கல், அவன் வரவே இல்லை. எட்டு தடவை விழுந்தேன், பத்து தடவை விழுந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது. விழுந்தவுடன் முழு லெவலையும் மறுபடி ஏற்றுகிறேன். விழுந்த எண்ணிக்கையும் அந்த லெவலின் ஸ்கிரிப்டிலேயே இருந்ததால், ஒவ்வொரு தடவையும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. எண்ணிக்கையை ஒரு ஆட்டோலோட் ஸ்கிரிப்டுக்கு மாற்றினேன். லெவல் அழிந்து பிறந்தாலும் அது நிற்கும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். துணை ஆள் ஊஞ்சலே இல்லாத இடத்தில் காற்றில் நடந்து போனான். நான் பதிவு செய்தபோது ஊஞ்சல் இருந்த இடம் வேறு, அவன் வரும்போது இருந்த இடம் வேறு. சரி, இடத்துக்குப் பதில் பட்டன் அழுத்தங்களைப் பதிவு செய்யலாம் என்று பார்த்தேன். அப்போது அவன் காற்றில் நடக்கவில்லை, தண்ணீரில் விழுந்தான். கடைசியில், அவன் வரும்போது லெவலை முதலிலிருந்து தொடங்கி, ஊஞ்சலின் கடிகாரத்தையும் பூஜ்யத்தில் வைத்தேன். லூயிஜி ஏன் எப்போதும் லெவலின் தொடக்கத்திலிருந்தே ஓடுகிறான் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அன்று தோன்றியது.

மூன்றாவது, நடுவில் ஆட்டத்தைத் திரும்ப வாங்கும் பட்டன். அவன் நின்ற இடத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தேன், ஓடிய வேகத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். பாதித் தாவலில் வாங்கினால் கல்லைப் போல நேரே கீழே விழுந்தாள். வேகத்தையும் சேர்த்துக் கொடுத்ததும் சரியானது.

மறுநாள் காலையில் காட்டினேன். துணை ஆள் ஓடினான், ஊஞ்சலில் அழகாக ஏறினான், இறங்கினான், பின்வாசலைத் தொட்டான். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும், "அதுவே ஆடிருச்சே அம்மான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது வந்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. லூயிஜி வந்து காட்டுகிற அந்த மாரியோ ஆட்டத்தில் எல்லாவற்றையும் முடித்தவர்களுக்குச் சேமிப்புப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும். அந்தப் பச்சைக் கட்டி ஒரு தடவைகூடத் தோன்றாமல் முடித்தவர்களுக்குத்தான் அவை மின்னும். உதவியைப் பயன்படுத்தாவிட்டாலும், அது தோன்றியதே ஒரு குறையாகப் பதிந்துவிடுகிறது. வல்லவர்களுக்கு அது ஒரு சவால் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை நேரில் பார்த்த பிறகு, என் ஆட்டத்தில் அந்த மாதிரி எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இரவெல்லாம் செலவழித்துச் செய்த அந்த ஆளையும் எடுத்துவிட்டேன்.

அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது

உதவிக்கு ஆள் வைப்பதற்கு முன், ஏன் விழுகிறாள் என்று பார்த்திருக்க வேண்டும். விழும் ஒவ்வொரு தடவையும் இடத்தையும், கடைசியாகத் தாவல் பட்டன் பதிவான நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதும்படி நான்கு வரி சேர்த்தேன். அன்று மாலைக்குள் 31 வீழ்ச்சி. அதில் 23 ஊஞ்சலின் முன் ஓரத்தில். அவற்றில் பாதிக்கு மேல் தாவல் பட்டன் பதிவாகவே இல்லை. பலகை பக்கத்தில் வருகிறது, அவள் ஓடுகிறாள், அழுத்தியதாகவே தெரியாமல் விளிம்பைத் தாண்டி விழுகிறாள்.

"நீ அமுக்கினியா?" என்று கேட்டேன். "அமுக்கினேனே!" என்றாள், கண் கலங்க.

பட்டனைச் சோதித்தேன். நான் 20 தடவை அழுத்தியதில் 13-தான் பதிவானது. பிள்ளை சொன்னது உண்மை.

கேம்பேடைத் திருப்பி, பின்னால் இருந்த திருகுகளைக் கழற்றினேன். ஆறு கண்ணுக்குத் தெரிந்தன, ஏழாவது நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அடியில். இதைத் தெரியாமல் நெம்பினால் ஓடு உடைந்துவிடும், முதலில் விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டும். உள்ளே பட்டன்களுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு குமிழியின் அடியிலும் ஒரு கறுப்புக் கார்பன் வட்டம் இருக்கும். அழுத்தும்போது அது சர்க்யூட் பலகையில் இருக்கும் சீப்பு மாதிரிக் கோடுகளைத் தொட்டு இணைக்கிறது. தாவல் பட்டனுக்குக் கீழே மட்டும் கோடுகளின் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம். எங்கள் வீட்டில் லீவு என்றால் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டப்பா டப்பாவாக இருக்கும், எண்ணெயும் நெய்யும் பட்ட விரலோடு ஆடினால் வேறென்ன ஆகும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பலகையின் கோடுகளைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, மூன்றாவது குச்சியில்தான் வெள்ளையாக வந்தது. கார்பன் வட்டத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, மேல்பூச்சு போய்விடும். லேசாக ஒரு ஒற்று ஒற்றினால் போதும். ரப்பரைத் தனியாகக் கழுவி, நிழலில் காயவைத்தேன். மாட்டிய பிறகு 20-க்கு 20.

ஊஞ்சலிலும் என் தவறு இருந்தது. ஒரு முழு ஆட்டத்துக்கு 2 நொடி என்று வைத்திருந்தேன். "நம்ம ஊஞ்சல் இப்படி ஆடாதே அம்மான்" என்று முதல் நாளே அவள் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊஞ்சலின் சங்கிலி 8 அடி, அதாவது சுமார் 2.44 மீட்டர். ஊசல் கணக்குப்படி ஒரு தடவை போய்வர ஏறத்தாழ 3.1 நொடி ஆகும். வளவில் நின்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன், கிட்டத்தட்ட அதேதான். தினமும் அந்த ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்த தாளம் அது. நான் வைத்த 2 நொடி அந்தத் தாளத்துக்கு எதிராக இருந்தது. 3.1 என்று மாற்றினேன். பலகை நகரும்போது ஆள் வழுக்கியதும் என் கோளாறுதான்: சாதாரண புராசஸில் (திரை வரையும் ஒவ்வொரு தடவையும் ஓடுவது) நகர்த்தியதைப் பிசிக்ஸ் புராசஸுக்கு (நொடிக்கு 60 தடவை ஓடும் அந்தக் கணக்கு) மாற்றி, பலகையை அனிமேட்டபிள்பாடி2டி (மேலே நிற்பவரையும் சுமந்து நகரும் பொருள்) ஆக்கியதும் ஒட்டி நின்றாள்.

கூடவே, விளிம்பைத் தாண்டிய பிறகும் 6 ஃபிரேம் வரை, அதாவது பத்தில் ஒரு நொடி, தாவல் செல்லும்படி வைத்தேன். இதைக் கயோட்டி டைம் என்பார்கள். 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ மாதிரிக் கடினமான ஆட்டத்திலேயே இது உண்டு, யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்து உதவுகிறது. அந்த ஆட்டத்தில் இதுபோக அசிஸ்ட் மோடு என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், அடிபடாமல் இருக்கலாம், என்ன வேண்டும் என்று ஆடுகிறவரே எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் செய்ததும் 23-ல் பெரும்பகுதி காணாமல் போனது. ஆனாலும் ஊஞ்சல் கடினமாகத்தான் இருந்தது. துணை இன்னும் வேண்டியிருந்தது.

தம்பிக்கு

ஐந்து வயதுக்காரனின் விஷயம் எளிது. அவனுக்கு எறும்பும் பூரானும் தொட்டால் உயிர் போகக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும். 2013-ல் ‘நியூ சூப்பர் லூயிஜி யு’ ஆட்டத்தில் நாபிட் என்ற ஆள் இப்படித்தான் வந்தான். எதிரிகள் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, பள்ளத்தில் விழுந்தால் மட்டும் போய்விடும். 2023-ல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’ ஆட்டத்தில் நாபிட்டோடு யோஷி என்ற டைனோசர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. அது ஒரு மெனுவில் ஒளிந்திருக்காமல் ஒரு ஆளாகவே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிள்ளை ‘சுலபம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், யோஷியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தம்பிக்கு ஒரு கன்றுக்குட்டி வரைந்து கொடுத்தேன். அவனுடைய மோதல் மாஸ்கில் (எவற்றோடு மோதலாம் என்ற பட்டியல்) எதிரிகளின் அடுக்கை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அவன் கன்றுக்குட்டியோடு திண்ணையிலேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தான், ஊஞ்சல் பக்கம் போகவே இல்லை. போக வேண்டும் என்று யார் சொன்னது?

பெரியவள் கன்றுக்குட்டியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

கொட்டான்

யோசனை அவள் கொடுத்ததுதான். எங்கள் ஆத்தா, அவளுக்கு ஆயா, காய்காரர் வந்தால் மாடிச் சன்னலில் இருந்து கயிற்றில் கட்டிய கொட்டானை இறக்குவார்கள். பனையோலையில் அவர்களே முடைந்த கூடை அது. "விழுந்தா ஆயா கொட்டானை விடட்டும்" என்றாள். அதைக் கேட்ட நிமிடத்தில் எனக்கு முழு வடிவமும் தெரிந்துவிட்டது.

ஆயாவை 16-க்கு 24 புள்ளியில் வரைந்தேன். கண்டாங்கிச் சேலைதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு. கட்டங்களை அப்படியே போட்டால் ஆள் அசையும்போது கண்ணைக் கூசுகிறது, திரை முழுக்கப் புழு நெளிகிற மாதிரி ஆகிவிடுகிறது. உடலுக்குக் கடுகு மஞ்சள் மட்டும், கரைக்கு அரக்குச் சிவப்பில் மூன்று புள்ளி அகலம். கண்டாங்கியின் அழகே அகலக் கரைதானே, அதை வைத்தே அடையாளம் தெரிந்தது. ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "கொண்டையைக் கொஞ்சம் பெருசாப் போடுப்பா" என்றார்கள். போட்டேன்.

கொட்டான் பிள்ளையின் பின்னாலேயே மேலே நகர வேண்டும். 1992-ல் ‘சோனிக் 2’ ஆட்டத்தில் டெயில்ஸ் என்ற துணை ஆள் சோனிக்கின் பின்னால் வருவதற்குச் செய்த வழியையே எடுத்துக்கொண்டேன்: முன்னால் போகிறவர் சில ஃபிரேம்களுக்கு முன் என்ன செய்தாரோ, அதைப் பின்னால் வருகிறவர் பின்பற்றுவது. கடைசி 30 இடங்களை ஒரு வட்டப் பட்டியலில் வைத்து, மிகப் பழைய இடத்துக்குக் கொட்டானை நகர்த்தினேன். அரை நொடி தாமதம். அந்தத் தாமதம்தான் அதைக் கயிற்றில் தொங்குகிற பொருளாகக் காட்டுகிறது.

விழுந்தால் கொட்டான் இறங்கும், அவள் அதில் உட்காருவாள், அது மேலே வரும். இங்கேதான் நெடுநேரம் யோசித்தேன். எந்தப் பக்கம் இறக்கிவிடுவது? 2011-ல் ‘சூப்பர் மாரியோ 3டி லேண்ட்’ ஆட்டத்தில் 5 உயிர் போனால் அடிபடாமல் காக்கும் வெள்ளை உடையைத் தரும் இலை வரும், 10 போனால் பி-விங் என்ற உதவிப்பொருள் வந்து லெவலின் முடிவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். அவசரமாகத் தாண்ட வேண்டியவருக்கு அது நல்லது. என் கொட்டான் இக்கரைக்குத்தான் தூக்கிவிடும். கடைசியாகக் கால் ஊன்றிய கல்லுக்கு. முகப்புக்குத் திரும்பி நடக்க வேண்டாம், ஆனால் ஊஞ்சலை அவளேதான் தாண்ட வேண்டும். அவளைச் சோர்வடையச் செய்தது அந்தத் திரும்ப நடக்கிற 25 நொடிதான் என்பதைக் கோப்பிலிருந்த நேரங்களைப் பார்த்தபோதே கவனித்திருந்தேன்.

எப்போது வருவது என்பதையும் மாற்றினேன். மொத்த எண்ணிக்கை வேண்டாம், ஒரே இடத்தில் 4 தடவை விழுந்தால் மட்டும். அப்போதும் தானாக வராது. தரையில் ஒரு ஆத்தங்குடிக் கல்லின் பூ மட்டும் நிறம் மாறி மெல்ல ஒளிரும். சத்தம் இல்லை, எழுத்து இல்லை. அந்தக் கல்லில் நின்று கீழ் அம்பை அழுத்தினால் ஆயா சன்னலைத் திறப்பார்கள். இன்னொரு தடவை அழுத்தினால் சன்னல் மூடும். வேண்டாமென்றால் கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

முதல் நாள் அவள் கல்லைத் தாண்டிப் போய் இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை நின்று மிதித்தாள்.

ஆத்தாவின் கையில் மவுஸ்

இதெல்லாம் நடக்கும்போது ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத் தாவு, இப்ப, இப்ப" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொட்டானை ஏன் கணக்கு ஓட்ட வேண்டும், நிஜ ஆயாவே ஓட்டலாமே என்று பட்டது. 2007-ன் ‘சூப்பர் மாரியோ கேலக்ஸி’யில் இரண்டாவது ஆள் திரையில் ஒரு நட்சத்திரத்தை நகர்த்தி, நட்சத்திரத் துணுக்குகளைப் பொறுக்கலாம், எதிரிகளைப் பிடித்து நிறுத்தலாம். தாவத் தெரிய வேண்டியதில்லை. அதே மாதிரி, மவுஸ் போகும் இடத்துக்குக் கொட்டான் போகும்படி செய்தேன். இடது பட்டனை அழுத்திப் பிடித்தால் கொட்டான் நிற்கும், அதன் மேல் கால் வைக்கலாம்.

ஆத்தாவுக்குக் கை லேசாக நடுங்கும். கொட்டானும் நடுங்கியது. மவுஸ் இருக்கும் இடத்துக்கு ஒரே தாவலாகப் போகாமல், ஒவ்வொரு ஃபிரேமிலும் மிச்ச தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகரும்படி வைத்ததும் நடுக்கம் அடங்கியது. கொட்டானின் அகலத்தையும் 24 புள்ளியிலிருந்து 32 ஆக்கினேன்.

அன்று மாலை ஊஞ்சலுக்கும் அக்கரைக்கும் நடுவில் ஆத்தா கொட்டானைப் பிடித்தார்கள். அவள் ஊஞ்சலில் ஏறினாள், பலகை போனது, கொட்டானில் கால் வைக்காமலேயே அக்கரைக்குத் தாவிவிட்டாள். "நான் பிடிச்சிருந்தேனே, அதுல வராம போயிட்ட" என்றார்கள் ஆத்தா. "நீங்க பிடிச்சிருந்தீங்கன்னுதான் ஆயா தாவினேன்" என்றாள் அவள்.

இன்னும் செய்ய வேண்டியவை: அடுப்படியில் ஆட்டுக்கல்லும் அம்மியும் வைத்து ஒரு லெவல், கன்றுக்குட்டிக்கு ஒரு மணிச்சத்தம், மாடியில் இருந்து கயிறு வளைந்து தொங்குவதைச் சரியாக வரைவது. அதற்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் நேற்றிலிருந்து கேம்பேட் ஆத்தா கையில், மவுஸ் பேத்தி கையில். ஆத்தா இன்னும் திண்ணைப் படியைத் தாண்டவில்லை. கல் ஒளிர்கிறது. "ஆயா, அந்தப் பூவை மிதிங்க, கொட்டான் விடுறேன்" என்கிறாள் அவள். "இரு, இன்னொரு தடவை பாத்துக்கிறேன்" என்று ஆத்தா மறுபடி முகப்புக்குப் போகிறார்கள்.